அம்மா சாட்சி சொன்ன வருஷம்

பருத்திக்கொட்டையின் எண்ணெய்ப் பிசுக்கு வாசமும் ஈரச்சாக்கின் புழுக்கமும் கலந்த ஒரு நெடி, அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்குள் வந்துவிடும். இமையிலும் புருவத்திலும் ஒட்டிய பஞ்சை ஈரத்துண்டால் துடைத்த பிறகுதான் அவள் முகம் எனக்குப் பழைய முகமாகத் தெரியும். எண்பதுகளின் பிற்பகுதி அது. ராஜபாளையத்தில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் பக்கத்து ஜின்னிங் பேக்டரிக்குத்தான், தெருப்பேச்சில் சொன்னால் "ஜின்னு"க்குத்தான், வேலைக்குப் போனார்கள். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற இடம். என் அம்மா சுப்புத்தாயும் அங்கேதான் இருந்தாள்.

ஐந்தாம் வகுப்பில் நான் படித்துக்கொண்டிருந்த அந்த ஐப்பசியில், ஒருநாள் அம்மா மத்தியானமே திரும்பிவிட்டாள். நான் நீட்டிய துண்டை வாங்காமல், முகமெல்லாம் பஞ்சோடு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டிலிருந்து பேச்சியத்தையின் அலறல் கேட்டது. அத்தையின் ஒரே மகள் மாரியம்மாள், பதினேழு வயதுக்காரி, ஜின்னில் செத்துப்போயிருந்தாள். மிஷின்களை ஓட்டுகிற நீளமான தோல் பெல்ட்டு எந்த மூடியும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் ஓரமாகத்தான் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்வர வேண்டும். குனிந்து பருத்தி அள்ளியவளின் பின்னல் அதில் சிக்கிவிட்டது.

பேக்டரிக்காரர்கள் வேறு கதை சொன்னார்கள். அந்தப் பெண் அங்கே வேலையே பார்க்கவில்லையாம். யாருக்கோ சோறு கொண்டுவந்தவள் விளையாட்டுத்தனமாக மிஷின் பக்கம் போய்விட்டாளாம். அது பொய் என்று ஜின்னில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டே பேர், அம்மாவும் அவளோடு வேலை செய்த ராசாத்தியும். போலீஸ் வந்து விசாரித்தபோது இருவருமே உள்ளதைச் சொல்லிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்கு பதிவானது. எங்கள் வீட்டுக்குப் பயம் குடிவந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு சாயங்காலம் அப்பாவும் வீட்டில் இருந்தபோது பேக்டரி மேனேஜர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். போனது போய்விட்டது, சாட்சி சொல்வதால் அந்தப் பெண் திரும்பி வரப்போவதில்லை, பேச்சியத்தை குடும்பத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் முதலாளி நல்லது செய்வார் என்றெல்லாம் சொன்னார். அம்மா தலையைக் குனிந்தபடி நின்றாள். கிளம்பும்போது மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்குது? நடந்தா போகுது?"

நான் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதானே மரியாதை. சொன்ன பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அப்படி வெளிறிப்போன முகத்தை அதற்கு முன்பு நான் கண்டதில்லை.

அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். பஞ்சுமில், மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கி என்று எல்லா இடத்துக்கும் போவார். அவருக்கு வேலை கொடுக்கிறவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் வேண்டப்பட்டவர்கள். மேனேஜர் தெருமுனையைத் தாண்டியதுமே அப்பா ஆரம்பித்தார்.

"ஏட்டி, நமக்கு எதுக்கு இந்த வம்பு? பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரு."

"பாத்தேனே."

"பாத்தவ எல்லாம் சொல்லிக்கிட்டா இருக்கா? ராசாத்தி சொல்லமாட்டாளாம், தெரியுமா?"

"அப்ப நானும் சொல்லலைன்னா அந்தப் பிள்ளை சோறு கொண்டுபோன பிள்ளைன்னே ஆயிருமே" என்றாள் அம்மா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஜின்னு வாசலிலேயே அம்மாவை நிறுத்திவிட்டார்கள். அவள் இன்னொரு ஜின்னுக்குப் போய்க் கேட்டாள், பிறகு ஒரு மில்லில் கேட்டாள். எங்கேயும் ஆள் வேண்டாம் என்றார்கள். கடைசியில் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி மடிக்கிற ஒரு சின்னக் கொட்டகையில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் எனக்கு ஒரு புதுப்பயம் பிடித்துக்கொண்டது. சைக்கிளில் ஒரு ஆள், பச்சைக் கட்டம் போட்ட கைலி, எனக்குப் பின்னால் மெதுவாகவே வருவான். நான் நின்றால் அவனும் காலை ஊன்றி நிற்பதுபோல இருக்கும். அவன் உண்மையிலேயே என்னைத்தான் தொடர்ந்தானா, தன் வேலையாகப் போனவனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டில் சொன்னால் அம்மா கோர்ட்டுக்குப் போகாமல் இருந்துவிடுவாளோ என்று ஒரு பயம். சொல்லாவிட்டால் எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம். இரண்டையும் சுமந்துகொண்டு, சரித்திரப் பாடத்தில் குதிரையேறிப் போருக்குப் போன ராணிகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அந்த ராணிகளுக்கு என் வயதில் ஒரு பெண் இருந்திருந்தால் அவளை யாரிடம் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று அடிக்கடி யோசிப்பேன்.

அம்மா என்னை யாரிடமும் விடவில்லை. கோர்ட்டுக்குப் போகும் நாளெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் செய்து கூடவே கூட்டிப்போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் நான், நடுவில் அம்மா, அந்தப் பக்கம் பேச்சியத்தை. மூவரும் மலையைப் பார்த்துக்கொண்டே போவோம். போய் வெயிலேற உட்கார்ந்திருந்தால், யாராவது வந்து "வாய்தா போட்டாச்சு, போய்ட்டு வாங்க" என்பார்கள். "வாய்தா" என்பது ஏதோ ஒரு பெரிய அதிகாரியின் பெயர் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அம்மா இன்னும் கொஞ்சம் இளைத்துப்போனாள்.

கடைசியில் அந்த நாள் வந்தது. அன்று காலையில் அப்பா எங்களோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கோர்ட்டு வராந்தாவில் மேனேஜரும் நாலைந்து வெள்ளைவேட்டிக்காரர்களும் நின்றிருந்தார்கள். முதலில் ராசாத்தியைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவள் சீக்கிரமே வெளியே வந்து, எங்களைத் தாண்டும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டமாகப் போனாள். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எங்களுக்கு விளங்கிவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"சுப்புத்தாய்! சுப்புத்தாய்! சுப்புத்தாய்!" என்று டவாலி மூன்றுமுறை கத்தினார். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை இவ்வளவு சத்தமாக யாரும் சொன்னதில்லை. என்னை வராந்தாவில் ஒரு போலீஸ்காரம்மா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அம்மா உள்ளே போனாள், பின்னாலேயே பேச்சியத்தையும் போனாள். எனக்கு உள்ளே எதுவும் தெரியவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலின் குரல் மட்டும் உயர்ந்து உயர்ந்து கேட்டது. அம்மாவின் குரல் கேட்கவே இல்லை. அவள் ஊமையாகிவிட்டாள், இனி பேசவேமாட்டாள் என்றே நினைத்து அழத் தொடங்கிவிட்டேன்.

உள்ளே நடந்ததைப் பேச்சியத்தைதான் திரும்பும் பஸ்ஸில் சொன்னாள். வேலையை விட்டு நிறுத்திய கோபத்தில் பொய் சொல்கிறாய் என்று வக்கீல் மிரட்டியிருக்கிறார். பஞ்சுத்தூசி பறக்கிற இடத்தில், அத்தனை தள்ளி நின்ற உனக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் அடுத்துக் கேட்டிருக்கிறார்.

"நான் தள்ளி நிக்கலைங்கய்யா" என்றாளாம் அம்மா. "பெல்ட்டுல சுத்தியிருந்த அந்தப் பிள்ளை முடியை நான்தான் பிரிச்சு எடுத்தேன். இந்தக் கைதான்."

அதோடு வக்கீல் உட்கார்ந்துவிட்டார் என்று அத்தை சொன்னாள். அம்மா இரண்டு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இறங்கியபோது அப்பா நின்றிருந்தார். மத்தியானத்திலிருந்தே அங்கே வருகிற ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். தூக்குகிற வயது எனக்குத் தாண்டியிருந்தது.

மேனேஜருக்குத் தண்டனை கிடைத்தது. முதலாளி மேல்கோர்ட்டுக்குப் போய்த் தப்பித்துவிட்டார். ஆனால் மாரியம்மாள் அங்கே வேலை பார்த்தவள்தான் என்று தீர்ப்பில் சொல்லிவிட்டார்கள், பேச்சியத்தைக்கு அதுதான் பெரிது. அடுத்த பருத்தி சீசனுக்குள் எங்கள் பக்கத்து ஜின்னுகளில் பெல்ட்டுகளுக்குக் கம்பிவலைக் கூண்டு அடித்தார்கள். பெண்கள் தலையில் துணி கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் ஆனது. அது யாரால் வந்தது என்று எந்த ஜின்னிலும் யாரும் சொல்லவில்லை. அம்மாவை யாரும் திரும்ப வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. கடைசிவரை பேண்டேஜ் துணிதான் மடித்தாள்.

இப்போது அந்த ஜின்னு இல்லை. புகைக்கூண்டை இடித்துத் தரைமட்டமாக்கி, மனைகளாகப் பிரித்து, வரிசையாக மாடிவீடுகள் எழும்பிவிட்டன. பேச்சியத்தையும் இல்லை, அப்பாவும் இல்லை. போன தைக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஆட்டோவில் அந்த வழியாகத்தான் வந்தோம். சைக்கிள்காரனைப் பற்றி இத்தனை வருஷம் கழித்து அம்மாவிடம் சொன்னேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பி, அன்று கோர்ட்டு வராந்தாவில் நான் பிடித்ததுபோல என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பவே சொல்லியிருந்தா கோர்ட்டுக்குப் போயிருக்கமாட்டேனேட்டி" என்றாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "இல்ல, போயிருப்பேன்" என்றாள். ஆட்டோ வீட்டு வாசலில் நின்ற பிறகும் என் கையை அவள் விடவில்லை.