அண்ணன் அணைத்த சூடம்

குளிக்கும்போது வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்திப் பார்ப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு அந்த இடத்தில்தான் கட்டி வந்தது. நான்காவது ஆள் நான்தான் என்று எப்போதோ எண்ணி வைத்துவிட்டேன்.

எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம். அப்பா இறந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். சில வருஷம் கழித்து சித்தப்பா. இருவருக்கும் முதலில் பசி போயிற்று. பிறகு கைகால் குச்சியாகி வயிறு மட்டும் பானையாக வீங்கியது. ஊரில் அதை வயித்துக்கட்டி என்றார்கள். "அது அவுக வங்குசத்துல ஓடுது" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மதுவிலக்குக் காலம், குடி என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அண்ணன் கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய் வத்தலும் மல்லியும் விலைபேசி அருப்புக்கோட்டைக் கடைகளுக்கு அனுப்புகிறவர். ஒருமுறை அவருக்கு மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தார், உப்பில்லாமல் சாப்பிட்டார், கண் வெளுத்தது. தேறிவிட்டார் என்று நினைத்தோம்.

அவர் வயிறு வீங்கத் தொடங்கியது எழுபதுகளின் தொடக்கத்தில், சாராயக் கடைகளைத் திறந்துவிட்டிருந்த சமயம். அப்பாவுக்கு வங்குசம், பரம்பரை என்று சொன்ன அதே வாய்கள் அண்ணனுக்கு வேறு காரணம் சொல்லின. டீக்கடையில் ஒருவன் வாத்தியாரான என் காதுபடவே கேட்டான்: "ஏலே, வாத்தியாரு அண்ணனுக்கு எத்தன மாசம்?"

அண்ணன் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். "ஒம்பது முடிஞ்சிருச்சுப்பா. வளைகாப்புக்கு நீ அவசியம் வந்துரணும், தட்டு தூக்க ஆளில்ல" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. திரும்பி நடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

அவர் ஒரு சொட்டும் தொட்டதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். எதையும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டேன். அவர் போகிற ஊர்களின் தூரம், திரும்பி வருகிற நேரம், சைக்கிள் மிதிக்கும் வேகம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு கடையில் உட்கார்ந்து எழ இடமே இல்லை. இந்தக் கணக்கை நான் யாரிடம் காட்டுவது?

மதுரைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமாகக் குடிக்கிறார்?" என்றார். "குடிக்க மாட்டாக சார்" என்றேன். "எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க." வயிற்றில் ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். பிறகு என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்து, ஈரலில் புற்று, ஒரு மாதம் தாண்டினால் அதிகம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணனிடம் சொல்லவில்லை. நீர் இறங்கியதில் பெல்ட்டை இரண்டு ஓட்டை இறுக்கிக்கொண்டு அவர் சந்தோஷமாகப் பஸ் ஏறினார்.

அந்த வாரமே என் மதினியின், அண்ணன் மனைவியின், கூடப்பிறந்த அண்ணன் நரிக்குடிப் பக்கமிருந்து வந்து சேர்ந்தார். எனக்கும் மச்சான் முறை. நல்ல மனுஷன், தங்கச்சி மேல் உயிர். வந்தவர் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொடவில்லை.

"குடிகாரன் வீட்டுல எந்தங்கச்சி இருக்க வேணாம். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கெளம்பச் சொல்லுங்க."

"மச்சான், யாரு குடிச்சா?" என்றார் அண்ணன்.

"அப்படின்னா சூடத்த அணைச்சிட்டுச் சொல்லுங்க மாப்ள. நான் பேசாமப் போயிர்றேன்."

எங்கள் பக்கத்தில் அதற்குமேல் வழக்கு கிடையாது. சாமி முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் ஊர் வாயை மூடிவிடும். பொய்ச் சத்தியம் செய்தவனைச் சாமி விடாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

மாட்டுவண்டியில் கருப்பசாமி கோயிலுக்குப் போனோம். மதினி பிள்ளைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். அண்ணன் எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "சாராயம் எந்தொண்டைக்குள்ள எறங்குனதில்ல. எறங்கியிருந்தா இந்தச் சாமி என்னயக் கொண்டுபோகட்டும்."

அங்கே நின்றவர்களில் அவர் போகப்போகிறார் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. மச்சான் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதார். "விடுங்க மச்சான், வயித்த அமுக்குறீக" என்று அண்ணன் சிரித்தார்.

மச்சானைப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய், "அவுக பிழைக்க மாட்டாக. டாக்டர் சொல்லிட்டாரு, கட்டி முத்திப்போச்சு" என்றேன்.

"சத்தியம் செஞ்சாச்சுல்ல மாப்ள? நெசமாயிருந்தா சாமி காப்பாத்தும்" என்றார்.

மூன்று வாரத்தில் அண்ணன் இறந்தார். உள்ளங்கைப் புண்கூட ஆறியிருக்கவில்லை. எழவு வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. மச்சான் பிணத்தின் முகத்தைப் பார்க்காமல் கால்மாட்டில் நின்றார்.

கருமாதி முடிந்து மதினி பிறந்த ஊருக்குக் கிளம்பிய அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கொழுந்தனாரே, நீங்கதான் அவுக கூடவே இருந்தீக. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. என்னைக்காவது ஒரு வாய் குடிச்சாகளா?"

"இல்ல மதினி."

"அப்பறம் ஏன் சாமி கொண்டுபோச்சு?"

மதினியின் மூட்டையை எடுத்து வண்டியில் வைத்தேன்.

எழுபதுகளின் கடைசியில், என் விலாவில் ஏதோ தட்டுப்படுகிறது என்ற பயத்தில் மறுபடி மதுரைக்குப் போனேன். இம்முறை வேறு டாக்டர், இளவயது. கட்டி ஏதுமில்லை என்றார். குடும்பக் கதையைச் சொன்னேன். அவர் குடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. காமாலை யாருக்கு, எப்போது வந்தது என்றுதான் கேட்டார். ஒருவகைக் காமாலைக்கிருமி ரத்தத்திலேயே தங்கிவிடுமாம். கண் வெளுத்த பிறகும் ஈரலுக்குள் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் அதைக் கெடுத்துப் புற்றில் கொண்டுபோய் விடும் என்று இப்போது சொல்கிறார்கள் என்றார். தாயிடமிருந்து பிரசவத்தின்போது பிள்ளைக்கு வரலாம். ஒருவர் ரத்தம் பட்ட ஊசியாலும் கத்தியாலும் வரலாம். சிறுவயதில் வந்தால் தங்குவது அதிகம், பெரியவனான பிறகு வந்தால் பெரும்பாலும் போய்விடும்.

"வங்குசம்னு சொல்றது பொய்யா சார்?"

"அப்படியும் சொல்ல முடியாது. சில குடும்பத்து ஈரல் இதற்குச் சீக்கிரம் விழுகிறது. பிறவியிலேயே வாங்கி வந்த வாகு. உங்கள் வீட்டில் எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது." அண்ணன் பிள்ளைகளின் ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார். இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். மருந்து இல்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும் என்றார்.

பஸ்ஸில் வரும்போது எங்கள் வீட்டுச் சவரம் நினைவுக்கு வந்தது. அப்பா, சித்தப்பா, அண்ணன், நான், நான்கு பேருக்கும் ஒரே பிளேடு. மழுங்கினால் கண்ணாடி டம்ளருக்குள் வைத்துத் தேய்த்துக் கூராக்குவோம். வெட்டுக்காயத்துக்கு ஒரே படிகாரக் கட்டி. அதிலிருந்தா, அம்மாவிடமிருந்தா, அப்பா கொடுத்த வாகா? எத்தனை விதமாகக் கூட்டினாலும் விடை வரவில்லை. நான் ஏன் தப்பினேன் என்பதற்கும் வரவில்லை.

மறுநாளே நரிக்குடிப் பக்கம் போனேன். மச்சான் தலை நரைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மதினி கதவருகில் நின்று கேட்டார்.

"ரத்தமெல்லாம் எடுக்க வேணாம் மாப்ள" என்றார் மச்சான். "இனிமே குடிக்கவே மாட்டோம்னு ரெண்டு பேரும் போன மாசந்தான் சூடம் அணைச்சிருக்கானுக. அவுக அப்பனுக்கு வந்தது இவனுகளுக்கு வராது."

"அண்ணன் குடிக்கல மச்சான்."

"சரி சரி. போனவுகளப் பத்தி எதுக்கு?"

மதினியைப் பார்த்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.

முற்றத்தில் பெரியவன் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்துச் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தான். அண்ணனின் அதே தாடை. டம்ளருக்குள் பிளேடைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கடையில் இரண்டு புதுப் பிளேடுகள் வாங்கிவந்து, "ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கங்கப்பா. ஒருத்தருத ஒருத்தரு தொடக் கூடாது" என்று கொடுத்தேன்.

"எதுக்குச் சித்தப்பா? இதே நல்லாத்தான் இருக்கு" என்றான். இரண்டையும் மாடத்தில் பத்திரமாக வைத்தான். "தீபாவளிக்கு எடுத்துக்குவோம்."

அவன் கண்களின் வெள்ளையைப் பார்த்தேன். வெளிச்சம் போதவில்லை. பக்கத்தில் சின்னவன் கன்னத்தில் சோப்பு நுரையோடு, தன் அண்ணன் வழித்து முடிக்கட்டும் என்று காத்து நின்றான்.