சிங்க் அடைப்பு

அமெரிக்காவின் டொலீடோ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லீன், மிச்சம் பிடித்து ஒரு பழைய வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டாள். ராஸ்கோவைக் குடிவைக்கும் முன் அவன் வேலையிடத்திலும் பழைய வீட்டுக்காரரிடமும் நன்றாக விசாரித்தாள். எல்லோரும் தங்கமான ஆள் என்றார்கள். ஆனால் சமையலறை சிங்க் மட்டும் அடைத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் பனியில் வண்டியோட்டிப் போய், அவளே மண்டியிட்டுக் குழாயைக் கழற்றினாள். இன்றும் உள்ளே வெள்ளையாக உறைந்த பன்றிக் கொழுப்பு.

"பேக்கன் வறுத்த கொழுப்ப எங்க ஊத்துறீங்க?"

"சிங்க்லதான். சூடா ஊத்துனா சட்டுனு இறங்கிடும்."

"இறங்கி எங்க போகும்னு நினைச்சீங்க?"

"அதெல்லாம் வீட்டுக்காரம்மா பாத்துக்கறதுதானே?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. காலி காப்பி டப்பா ஒன்றைக் கொடுத்து, இனிமேல் இதில் ஊற்றுங்கள் என்றாள். அவனும் மனதார நன்றி சொன்னான்.

அடுத்த வாரம் அவள் சாப்பிட உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது.

"டப்பா நிறைஞ்சிடுச்சும்மா. எப்ப வந்து எடுத்துட்டுப் போறீங்க?"

டார்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். "குப்பையில போடுங்க, ராஸ்கோ."

"டப்பாவோடயா?"

"டப்பாவோட."