தண்டவாளத்து ஓரக் கோயிலில் பாடியவர்கள்

விருத்தாசலத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பின்சுவரை ஒட்டினாற்போல ரயில் போகும். கோயில் கட்டியவர்கள் அதை யோசித்தார்களோ இல்லையோ, பாடகர் குழுவில் இருந்த நாங்கள் ஞாயிறுதோறும் யோசித்தோம். சரக்கு வண்டி வந்துவிட்டால் ஆர்மோனியம் கேட்காது, பக்கத்தில் நிற்பவர் பாடுவது கேட்காது, நம் குரலே நமக்குக் கேட்காது. அதற்காகப் பூசையில் பாட்டை நிறுத்த முடியுமா? நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். ஊதல் கேட்டதும் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் தோளில் தாளம் தட்டுவோம். அந்தத் தட்டு தோள் தோளாக வரிசையின் கடைசிவரை போகும். வண்டி கடந்ததும் பார்த்தால் எல்லோரும் ஒரே சொல்லில் நிற்போம்.

ஆண்கள் வரிசையும் பெண்கள் வரிசையும் சேரும் இடத்தில்தான் சிக்கல். அங்கே புருஷன் பெண்டாட்டி நின்றால்தான் தொட்டுத் தட்ட முடியும். குழுவில் இருந்த ஒரே ஜோடி நானும் என் வீட்டுக்காரரும். அவருக்கு ரயில்வேயில் வேலை, எனக்குப் பீங்கான் பட்டறையில். "உன் குரலுக்காகவா அந்த எடத்தக் குடுத்தாங்க? எனக்குப் பொண்டாட்டியா வந்ததால குடுத்தாங்க" என்று அவர் சீண்டுவார். நானும் சும்மா விடமாட்டேன்.

பூசை லத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷத் திருவிழாவுக்கு மறைமாவட்டத் தலைவரான ஆயர் வருவதாக ஏற்பாடு. புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் எங்களைக் கூப்பிட்டார்.

"நீங்க பாடலீங்க, கத்துறீங்க. ஆயர் முன்னால மானம் போயிடும். வெளியூர்லேர்ந்து பயிற்சி எடுத்த குழு வருது. நீங்க ஜனங்களோட உக்காந்துக்கங்க."

வருஷம் முழுக்க மண்ணைப் பிசைந்துவிட்டு ஓடி வந்து ஒத்திகை பார்த்தது இதற்குத்தானா? திருவிழாவுக்கே போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். வீட்டுக்காரர்தான் இழுத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை வெளியூர்க் குழு நன்றாகப் பாடிவிட்டால் இனி எந்தப் பெரிய நாளிலும் அந்த இடம் எங்களுக்கு இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் பாதை. வந்த குழு தேனாகத்தான் பாடியது, பொய் சொல்லக் கூடாது. பூசையின் தொடக்கத்தில் வரும் புகழ்ப்பாட்டான வானவர் கீதம் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து நின்றோம். நாங்கள் வாராவாரம் பாடும் அதே மெட்டு. இரண்டாவது அடியில் சரக்கு வண்டி வந்தது.

அவர்கள் தடுமாறிப்போனார்கள். பாதிப் பேர் தாளத்தை முந்தி ஓடினார்கள், பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். ஆர்மோனியம் வாசித்தவர் கையை எடுத்துவிட்டார். பீடத்தில் எங்கள் சாமியாரின் முகம் வெளிறியது.

ஆண்கள் பக்கம் பார்த்தேன். எங்கள் ஆட்களின் கைகள் யாரும் சொல்லாமலே தோள்களுக்குப் போயிருந்தன. ஓரத்தில் நின்ற என் வீட்டுக்காரர், ஆயர் பார்க்க, ஊரே பார்க்க, நடுப்பாதைக்கு வந்து, எதிர் ஓரத்தில் நின்ற என் பக்கம் கையை நீட்டினார். எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. கோயிலில் அதுவரை எந்தப் பெண் அப்படிப் புருஷன் கையைப் பிடித்திருக்கிறாள்?

"புடிங்கக்கா!" என்று எங்கள் குழுப் பெண் ஒருத்தி காதில் கத்தினாள்.

பிடித்தேன். என் உள்ளங்கையில் அவர் தாளத்தை அழுத்த, அதை நான் அடுத்தவள் தோளில் தட்டினேன். பாடினோம். என்ன பாடுகிறோம் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. கடைசிப் பெட்டியும் கடந்தது. கோயிலின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சொல், ஒரே குரலாக எழுந்தது. ஒரு எழுத்து முன்னே பின்னே இல்லை. வெளியூர் ஆர்மோனியக்காரர் அவசரமாக எங்கள் சுருதியைத் தேடிப் பிடித்தார். அவருடைய பாடகர்களும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

கீதம் முடிந்ததும் ஆயர் எங்கள் சாமியாரிடம் குனிந்து ஏதோ கேட்டார். சாமியார் பீடத்தைவிட்டு இறங்கினார். வந்த குழுவின் முன்னால் இருந்த மைக்கைத் தானே தூக்கி, நாங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்து, "வாங்க" என்றார்.

நடுப்பாதை வழியாகவே போனோம். வீட்டுக்காரர் இன்னும் என் கையை விடவில்லை, நானும் விடுவித்துக்கொள்ளவில்லை. அதே கோயிலில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. அன்றைக்குத் தலை குனிந்து நடந்த அந்தப் பாதையில் இப்போது நிமிர்ந்து நடந்தேன்.