நின்றால் சத்தம் போடும் வண்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், புதுச்சேரியில் டைனமோவைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்று நான் நம்பியிருந்தேன். அவர் முதலியார்பேட்டைப் பக்கம் நான் வேலை பார்த்த நெசவு மில்லின் பிரெஞ்சு எஞ்சினியர். அவர் விஷயத்திலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. மில்லின் கரண்டு அறையில் ஏழு வருஷம் எண்ணெயும் கரியுமாகக் கிடந்தவன் நான். வயது இருபத்தொன்பது. கை சுத்தம், வாய்தான் நீளம்.

அந்த வாயால்தான் வேலை போயிற்று. ஒரு நாள் மில் வாசலுக்கு ஒரு அக்கா வந்தார். குப்பத்தில் மீன் ஏலம் எடுத்து ஊருக்குள் விற்பவர். அவரிடம் ஒரு பழைய லாரி இருந்தது. ஜெர்மன் சண்டை முடிந்த பிறகு கப்பலில் வந்து, பல கை மாறி, கடைசியில் யாருக்கும் வேண்டாமல் அவரிடம் வந்து சேர்ந்த வண்டி. அதில் பலகை அடித்து, ஆறு மீன்காரப் பெண்களையும் அவர்களுடைய கூடைகளையும் ஏற்றி, பெரிய மார்க்கெட்டில் மீனில் பாதியை இறக்கிவிட்டு, மீதியை உழவர்கரைத் தெருக்களில் விற்றுவருவார்கள். "யானையக் கட்டித் தீனி போடுற கதையா இருக்குது சாமி. ரெண்டு நாளைக்கு ஒரு டின்னு பெட்ரோல் குடிக்குது. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று எஞ்சினியரிடம் கேட்டார்.

எஞ்சினியர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். காயலான் கடையில் போடச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். "முசியே, இதைப் பாதிப் பெட்ரோலில் ஓட்டலாம்" என்றேன், அத்தனை பேர் நடுவில். "அப்படியானால் நீ அங்கேயே போய் வேலை பார்" என்றார் அவர். நான் போய்விட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டும்வரை என் காலில் நல்ல வேகம் இருந்தது.

அக்கா கெடு வைத்தார். அப்போது பாஸ்குவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்க மூன்று வாரம் இருந்தது. "பாஸ்கு வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள நீ சொன்னது நடக்கலன்னா வண்டி இரும்பு வெலைக்குப் போவுது. இவளுங்க பழையபடி கூடையத் தூக்கிக்கினு நடக்கட்டும். என்னால ஆவாது." ஆறு பெண்களும் வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கோ, நடக்காவிட்டால் மில் வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டுமே என்ற ஒரு கவலைதான்.

வண்டியில் தப்பே இல்லை என்பது எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. மற்ற வண்டிகளில் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றும். இதில் எஞ்சின் சக்கரத்தைத் தொடவே தொடாது. எஞ்சின் ஒரு டைனமோவைச் சுற்றும். டைனமோ தருகிற கரண்டில் பின்பக்கம் ஒரு மோட்டார் ஓடும். அந்த மோட்டார்தான் சக்கரத்தை இழுக்கும். கியர் என்ற பேச்சே கிடையாது. எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் எஞ்சின் நின்றால் கரண்டு நிற்கும். அதை மறுபடி கிளப்ப இரண்டு ஆள் சேர்ந்து கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அதனால் காலையில் கிளப்பினால் மத்தியானம்வரை அணைக்கவே மாட்டார்கள். மீன் வண்டியோ தெருவுக்குத் தெரு நிற்பது. நின்ற இடத்தில் பேரம் கால்மணி நேரம் நடக்கும். அவ்வளவு நேரமும் எஞ்சின் சும்மா கத்திக்கொண்டிருக்கும். வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு வேளை தவறாமல் சோறு போடுகிற மாதிரி.

இதற்கு மருந்து பேட்டரி. வெள்ளைக்காரர் பங்களா ஒன்றில், ஊருக்குக் கரண்டு கம்பி வருவதற்கு முன் விளக்கெரித்த பேட்டரிகள் கொல்லையில் கிடந்தன. கெஞ்சி வாங்கினேன். தகடுகளைச் சுத்தம் செய்து, புது ஆசிட் ஊற்றி, மரப்பெட்டிகளில் அடக்கி, பலகைகளுக்கு அடியில் வரிசையாக வைத்தேன். இனி எஞ்சின் தருகிற கரண்டில் மிச்சம் இருந்தால் பேட்டரிக்குப் போகும். எஞ்சின் நின்றாலும் பேட்டரிக் கரண்டில் வண்டி நகரும். எஞ்சினைக் கிளப்ப ஆளும் வேண்டாம், பேட்டரியே டைனமோவைச் சுற்றிக் கிளப்பிவிடும். வண்டியின் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறிக் கொஞ்சம் கரண்டைத் திருப்பித் தர வேண்டும். அதற்குக் கம்பி இணைக்க ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதுவும் நடந்தது.

கடற்கரையிலிருந்து ஊருக்கு வரும் நீள ரோட்டில் எஞ்சின் ஓடும். தெருக்களுக்குள் எஞ்சினை அணைத்துவிட்டு பேட்டரியில் போகலாம். அக்காவிடம் வண்டி ஓட்டிய டிரைவர் அண்ணன் முதல் தடவை எஞ்சின் இல்லாமல் வண்டியை நகர்த்தியபோது சிலுவை போட்டுக்கொண்டார். "பேய் இழுக்கிற மாரி போவுதுடா தம்பி" என்றார். எனக்கு மெடல் குத்தியதுபோல் இருந்தது.

தவக்காலத்தின் முதல் வெள்ளி வந்தது. எங்கள் உழவர்கரைக் கிறிஸ்தவத் தெருக்களில் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். இறைச்சி கூடாது, மீன் கூடும். வருஷத்திலேயே மீன் அதிகம் விற்கிற நாட்கள் அவைதாம். அன்று அக்கா கூடை ஒவ்வொன்றிலும் கோபுரமாக ஏற்றியிருந்தார். நான் டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைபோல் உட்கார்ந்தேன். உழவர்கரையின் முதல் தெருவுக்குள் பூனைபோல் நுழைந்து நின்றோம்.

ஒருவரும் வரவில்லை. கோவிலுக்குப் போயிருப்பார்கள் என்றேன். அடுத்த தெருவிலும் ஒருவரும் இல்லை. டிரைவர் அண்ணன் ஹார்னை அமுக்கினார். மாட்டுவண்டிக்காரர் ஒருவர் அவசரமாக ஒதுங்கி வழிவிட்டு, "போயேன்யா, அதான் வுட்டுட்டேனே" என்று திட்டினார். மூன்றாவது தெருவில் நான் பெண்களிடம், "கொஞ்சம் கூவித்தான் பாருங்களேன்" என்றேன். மூத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கூவி விக்கிறதுக்கு நாங்க இன்னா நடந்து வந்தமா? வண்டியில வந்து எறங்குறவங்க. நாங்க கூவினா ஊரு சிரிக்கும்" என்றார். மற்ற ஐந்து பேரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மத்தியானம் கூடைகள் பாதிக்கு மேல் நிறைந்தபடியே குப்பத்துக்குத் திரும்பின. அக்கா திட்டவில்லை. "கருவாட்டுக்கு உப்பு வாங்கியாங்க" என்று மட்டும் சொன்னார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போனால் தட்டில் கத்தரிக்காய். என் மனைவி அதைத் தட்டில் போட்ட வேகத்திலேயே விஷயம் தெரிந்தது.

"மீன் வண்டி வரும் வரும்னு புளியக்கூட கரைக்காம குந்திக்கினு இருந்தேன். முதல் வெள்ளியும் அதுவுமா உங்க வண்டி எங்க போச்சு?"

"நம்ம தெரு முனையில கால்மணி நேரம் நின்னோமே!"

"நின்னீங்களா? சத்தமே கேக்கல?"

"சத்தம் எப்படிக் கேக்கும்? அதுதானே நான் செஞ்ச வேலை."

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எஞ்சின் சத்தம் கேட்டாதானே சட்டிய எடுத்துக்கினு வெளிய வருவோம். இந்தத் தெருவுல எல்லாரும் அப்பிடித்தான். இதுகூடத் தெரியாமலா ஏழு வருசம் மில்லுல குப்ப கொட்டுனீங்க?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த எஞ்சின் சும்மா கத்தவில்லை. அதுதான் அந்த ஆறு பெண்களுக்காகவும் கூவிக்கொண்டிருந்தது. நான் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று அவர்களுடைய தொண்டையை அடைத்துவிட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

மறுநாள் அக்கா சுருக்கமாகச் சொன்னார். "பேட்டரிய எறக்கிடு. பழையபடி ஓடட்டும். பாஸ்கு முடிஞ்சதும் இரும்புக்காரன வரச் சொல்லிட்டேன்."

சத்தம் வேண்டுமென்றால் பெட்ரோல் போகும். பெட்ரோல் மிச்சமாக வேண்டுமென்றால் மீன் போகும். இரண்டு பக்கமும் சுவர். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி எல்லாரையும் திட்டினேன். எஞ்சினியரை, தெருக்காரர்களை, கூவ மாட்டேன் என்ற பெண்களை. திட்டித் தீர்ந்த பிறகு மண்டை வேலை செய்தது. நிற்கும்போதுதானே சத்தம் வேண்டும்? எஞ்சின் நிற்கிற இடத்தில் ஓடட்டுமே. ஆனால் சும்மா ஓட வேண்டாம். நிற்கிற கால்மணி நேரமும் அது பேட்டரியை நிரப்பட்டும். ஒரே சீரான வேகத்தில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஓடுகிற எஞ்சின்தான் குறைவாகக் குடிக்கும் என்பது மில்லில் படித்த பாடம். கிளம்பும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, நிரம்பிய பேட்டரியில் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். அங்கே நின்றதும் மறுபடி கிளப்பலாம்.

இதைச் சொன்னதும் டிரைவர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "நிக்கிற வண்டிக்கு எஞ்சினு, ஓடுற வண்டிக்கு எஞ்சினு இல்ல. ஒலகத்துலியே இப்பிடி ஒரு வண்டி கெடயாதுடா!"

"கிடையாதுதான். அதனாலதான் நான் செய்யறேன்" என்றேன். அக்காவிடம் இன்னும் ஒரே ஒரு வெள்ளி கேட்டேன். சரியென்று தலையை அசைத்தார்.

இரண்டாம் வெள்ளி அதே தெருவுக்குள் மறுபடி பூனைபோல் நுழைந்தோம். நின்றோம். நான் சுவிட்சைத் தள்ளினேன். பேட்டரி டைனமோவைச் சுற்ற, எஞ்சின் இருமி, செருமி, முழங்கத் தொடங்கியது. பத்து எண்ணுவதற்குள் முதல் கதவு திறந்தது. பிறகு அடுத்தது. சட்டியும் கையுமாக வந்த கூட்டத்தில் என் மனைவியும் இருந்தாள். என்னைத் தெரியாதவள்போல் சங்கரா மீனுக்குப் பேரம் பேசினாள். கூடைகள் நாலாவது தெருவிலேயே காலியாகிவிட்டன. திரும்பும் வழியில் அண்ணன் சத்தமே இல்லாமல் வண்டியை ஓட்டினார். அவர் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை, புதுச் சிரிப்பு இருந்தது.

தவக்காலம் முழுக்க அப்படியே ஓடினோம். பாஸ்குவுக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமையன்று அக்கா பெட்ரோல் டின்னைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். நாலு நாளுக்கு முன் உடைத்த டின். உள்ளே இன்னும் தளும்பியது. மறுபடியும் ஆட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு கீழே வைத்துவிட்டு, "இரும்புக்காரன வர வேணாம்னு சொல்லிட்டு வாங்க" என்றார். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. நான் மில் பக்கம் ஒருநாள் போக வேண்டும், எஞ்சினியரிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வசனங்களை அடுக்கத் தொடங்கினேன்.

அப்போது கூவ மாட்டேன் என்ற அந்த மூத்தவர் வண்டியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். என்னமோ திட்டப் போகிறார் என்று நினைத்தேன். முக்காட்டைத் தள்ளி, தலையைக் குனிந்து, உச்சியைக் காட்டினார். நடு மண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு, விரல் நீளம்கூட இல்லாத புது முடி.

"பதினஞ்சு வருசமா கூடை தேச்சு தேச்சு இங்க வழுக்கை, தம்பி. வண்டியேறுன பொறவுதான் மொளைச்சுது" என்றார். "இந்த நாப்பது நாளும் தெனமும் காலையில தொட்டுத் தொட்டுப் பாத்துக்குவேன். மறுபடி போயிடுமோன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கூடையைக் கழுவப் போய்விட்டார். மில் வாசலுக்கு நான் போகவே இல்லை.