ஒரே நாற்காலியில் இரண்டு தாய்மாமாக்கள்

போன வருடம் மலேசியாவில், கிள்ளானில் ஒரு மண்டபத்தில் என் தங்கையின் கல்யாணம். பூச்சோங்கில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. சும்மா இருந்திருக்கலாம். விருந்து மேசைகளில் விருந்தினர்களுக்கு நாற்காலி ஒதுக்க நானே ஒரு புரோகிராம் எழுதுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பெண் வீட்டாருக்கு ஒரு வாசல், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு வாசல். வாசலுக்கு ஒரு டேப்லெட். பட்டனை அழுத்தினால் அடுத்த காலி நாற்காலியின் எண் சீட்டாக வரும். உள்ளே வாசலுக்கு ஒன்றாக இரண்டு த்ரெட்டுகள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள், ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொண்டன. அதற்காக, பட்டியல் இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டி எண்ணிக்கையும் வைத்துக்கொள்ளும் ஒரு பாயிண்டர் போட்டிருந்தேன். பட்டியலை எத்தனை த்ரெட்டுகள் பிடித்திருக்கின்றன என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். கடைசி த்ரெட்டும் விடும்வரை பட்டியல் அழியாது. "எத்தனை பேர் தொட்டாலும் ஒண்ணும் ஆகாது லா" என்று தங்கையிடம் பீற்றிக்கொண்டேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து நூறு தடவை அழுத்திப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும், விருந்துக்கு எங்கள் தாய்மாமா ஒரு வாசலில் வந்தார், மாப்பிள்ளையின் தாய்மாமா மறு வாசலில். இரண்டு பட்டனும் ஒரே நொடியில் அழுத்தப்பட்டன. இரண்டு த்ரெட்டும் முதல் மேசையின் முதல் நாற்காலி காலி என்று பார்த்து, இரண்டும் அதையே கொடுத்துவிட்டன. பட்டியல் என்னவோ அழியாமல் பத்திரமாகத்தான் இருந்தது. ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருக்கும்படி பூட்டுப் போட நான்தான் மறந்திருந்தேன்.

தாய்மாமன் மரியாதை என்றால் விளையாட்டா? நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது இருவரும் ஆளுக்குப் பாதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சிஸ்டம் கொடுத்த சீட்டு இது. நான் ஏன் எழுந்திருக்கணும்?" என்றார் எங்கள் மாமா.

"எனக்கும் அதே சிஸ்டம்தானே கொடுத்துச்சு" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

மாப்பிள்ளை வீட்டாரில் சிலர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். தாலி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

தங்கை மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்து இறங்கி வந்தாள். "மாமா, ரெண்டு பேரும் எழுந்திருங்க. எனக்குக் கால் வலிக்குது, நான் உட்காரணும்."

இருவரும் பதறி எழுந்தார்கள். அவள் அதில் உட்கார்ந்து, இரு பக்கமும் நாற்காலி போடச் சொல்லி அவர்களை உட்காரவைத்தாள். கிளம்பியவர்களும் உட்கார்ந்தார்கள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, டேப்லெட்டை ஆஃப் பண்ணு. ஒரு லிஸ்ட், ஒரு பேனா. பேனா யார் கையில இருக்கோ அவங்க மட்டும் எழுதட்டும், மத்தவங்க வெயிட் பண்ணட்டும்."

நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையை, பாலர்பள்ளி ஆசிரியையான அவள் ஒரு பேனாவில் முடித்துவிட்டாள். விருந்து முடியும்வரை அந்தப் பேனாவையும் பட்டியலையும் தூக்கிக்கொண்டு இரண்டு வாசலுக்கும் நடுவே ஓடியது நான்தான். வெட்கம் ஒரு பக்கம், கல்யாணம் கெடாமல் போனதே என்ற நிம்மதி ஒரு பக்கம்.

தனியாகச் சோதித்து 'சரி' என்று நான் சொல்லும் எதையும், இன்னொருவர் கை அதே நேரத்தில் அதன்மேல் படும்வரை, இன்றுவரை நான் நம்புவதில்லை.