கடவுள் தந்த உரிமையும் கிளப் ஹவுஸ் கழிப்பறையும்

மாங்காட்டில் எங்கள் அடுக்ககத்தைப் பெருக்கித் துடைப்பவள் நாகவல்லி. இது வயலாக இருந்தபோது அவள் அம்மா இங்கே நாற்று நட்டிருக்கிறாள். மகள் காலையில் வந்தால் மாலைவரை ஒதுங்க இடமில்லை. கிளப் ஹவுஸில் கழிப்பறை உண்டு. கழுவுவது அவள், போவது நாங்கள்.

அவசரத்துக்கு ஜெனரேட்டர் பின்னால் போய்வந்தாள். அது தெரிந்ததும் சங்கத்தார் அந்தச் சுவர் முழுக்கச் சாமி பட டைல்ஸ் ஒட்டினார்கள். பிள்ளையார், ஏசு, மசூதி என மத நல்லிணக்கத்துக்குக் குறைச்சலே இல்லை. வருஷா வருஷம் ஆடிக்குக் கூழ் ஊற்றுபவள் அங்கே எப்படிப் போவாள்? தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினாள். நீர்க்கடுப்பு வந்து சுருண்டாள்.

“அந்த கிளப் ஹவுஸ் கக்கூஸுக்கு மட்டும் போக உடுங்க சார்” என்று செயலாளர் ஸ்ரீநாத்திடம் கேட்டாள்.

“புது பைலா எழுதறோம்மா. அதுல பார்க்கலாம்.”

சங்க விதிகளை எழுத கிளப் ஹவுஸில் கூடிய பைலா கூட்டம் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. மனித உரிமைகள் கடவுள் அருளியவை என்று தொடங்க வேண்டும் என்றார் ஸ்ரீநாத். “கோர்ட்லயே கடவுள் சாட்சியாதான் சத்தியம் வாங்கறாங்க.”

“உளமாரன்னும் சொல்லலாம் சார், சட்டத்துல இடமிருக்கு” என்று எழுந்தார் ஐ.டி. சரவணக்குமார். “உரிமை இயற்கை கொடுத்தது. பிறந்தாலே வந்துடும்.”

என்ன ஞானம், என்ன ஞானம்! ஒருவர் வேதத்துக்குப் போனார், இன்னொருவர் ஐரோப்பாவுக்குப் போனார். நாகவல்லிதான் எங்கும் போக முடியாமல், டீ தட்டோடு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். பிறகு தட்டை மேஜையில் வைத்தாள். நேரே கிளப் ஹவுஸ் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

ஸ்ரீநாத் கதவைத் தட்டினார். “யாரு உள்ள?”

“நான்தான் சார். நீங்க பேசிக்கினு இருங்க.”

உரிமை யார் கொடுத்தது என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். கழிப்பறைக்குப் பூட்டுப் போடும் தீர்மானம் மட்டும் ஒருமனதாக நிறைவேறியது. கடவுள் கட்சியும் இயற்கைக் கட்சியும் ஒன்றாகக் கை தூக்கின.

மறுநாள் காலை நாகவல்லி ஸ்ரீநாத் வீட்டு மணியை அடித்தாள்.

“அங்க பூட்டிட்டீங்களாமே. பரவால்ல சார்” என்று செருப்பைக் கழற்றினாள். “உங்க ஊட்டு பாத்ரூம் எந்தப் பக்கம் கீது?”