திராட்சைக்கு மேல் ஏற்றிய மெத்தைகள்

1. சாவி

லோடு ஏற்றி முடித்த வண்டி கிளம்பாமல் நிற்கிற காட்சி லாரி ஆபீஸ் மேனேஜரை நாற்காலியில் உட்கார விடாது. இரும்பு லோடு என்றால் ஒரு வாரம்கூட நிற்கட்டும், கொஞ்சம் துரு ஏறும், அவ்வளவுதான். பன்னீர் திராட்சை அப்படி நிற்காது. வெயில் ஏற ஏற கிரேட்டுக்குள்ளேயே மெல்ல வேகும். சாயங்காலம் அடியில் சாறு ஒழுகும். மறுநாள் கோட்டயம் மார்க்கெட்டில் அதை மாட்டுக்குப் போடக்கூட ஆள் வராது.

எங்கள் கம்பம் ஆபீஸ் வாசலில் அன்று அப்படி ஒரு வண்டி நின்றது. தார்ப்பாய் கட்டவில்லை. டிரைவர் சுருளிவேல் சாவியைச் சட்டைப்பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. டீ குடிக்கிற டிரைவரிடம் பேசலாம், டீ குடிக்காத டிரைவர் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஆபீஸில் மேனேஜர். மேனேஜர் என்றால் ஏதோ என்று நினைத்துவிட வேண்டாம். முதலாளி கோபத்தை டிரைவரிடமும், டிரைவர் கோபத்தை முதலாளியிடமும் கொண்டுசேர்க்கிற பார்சல் சர்வீஸ். டெலிவரியில் எனக்குக் கமிஷன் இல்லை, அடி மட்டும் உண்டு.

பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சுருளி, பழம் வேகுதுய்யா."

"நானும் ரெண்டு மாசமா வெந்துக்கிட்டுத்தாண்ணே கெடக்கேன். எனக்கு யாரு காத்து விட்டா?"

அவருக்கு இரண்டு மாதச் சம்பளமும் மூன்று டிரிப் பேட்டாவும் நிற்கிறது. எல்லாவற்றையும் முதலாளி காதர் ராவுத்தர் பிடித்து வைத்திருந்தார். புதுப்பட்டியில் சுருளி ஒரு வீட்டை ஒத்திக்குப் பேசியிருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் முன்பணம் போகவில்லை என்றால் வீடு வேறு ஆளுக்கு. இருந்த வீட்டையோ காலி செய்கிறேன் என்று சொல்லியாகிவிட்டது.

2. மழை பெய்த டிரிப்

ஏன் பிடித்து வைத்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

திராட்சை லோடுக்குத் தார்ப்பாய் கட்டுவதில் எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முழுக்க மூட மாட்டார்கள். கேபின் தலைக்கு மேல் ஒரு முழம் மடித்துவிடுவார்கள், பின்னால் ஒரு முழம் தூக்கிக் கட்டுவார்கள். வண்டி ஓடும்போது முன்னால் நுழைகிற காற்று பழத்தின் மேல் ஓடிப் பின்னால் வெளியேறும். இதைக் 'காத்து விடுறது' என்பார்கள். வழியில் நாலு சொட்டு மழை விழுந்தாலும் பழத்துக்கு ஒன்றும் ஆகாது, வந்து சேர்ந்த பிறகு உதறினால் சரி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், திராட்சை கிரேட்டுக்கு மேலே இடம் காலியாகப் போகிறதே என்று ராவுத்தருக்கு மனசு ஆறவில்லை. போடியிலிருந்து இலவம்பஞ்சு மெத்தை அனுப்புகிற பார்ட்டி ஒருத்தர் வாடகைக்கு வண்டி கேட்டுக்கொண்டிருந்தார். மெத்தை எடை இல்லாத சரக்கு. "மேல வெறுங்காத்தாத்தானய்யா போகுது, மெத்தையப் போட்டு விடு" என்றார் ராவுத்தர். போட்டார்கள். பாலிதீன் உறை போட்ட மெத்தைகள்தான். கயிற்றை இழுத்துக் கட்டியதில் உறைகள் அங்கங்கே கிழிந்தன. அதை அப்போது யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

கம்பத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. குமுளி செக்போஸ்ட் போவதற்குள், முன்னால் மடித்துவிட்ட முழத்தின் வழியாகத் தண்ணீர் கொட்டியிருக்கிறது. பழம் தப்பியது. மெத்தைகள் குடித்தன. பஞ்சு தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கோட்டயத்தில் ஒரு மெத்தையை இறக்க நான்கு பேர் வேண்டியிருந்ததாம். மெத்தை பார்ட்டி வீடியோ எடுத்து அனுப்பினார். மெத்தையைப் பிழிகிற வீடியோ. பார்த்துவிட்டு நான் சிரித்தேன், ராவுத்தர் பக்கத்தில் இருப்பது தெரியாமல்.

"கவனக்குறைவு" என்றார் ராவுத்தர். "மழ வந்தா நிறுத்தி மூட வேண்டியதுதான?"

"எங்கன நிறுத்த மொதலாளி?" என்றார் சுருளி. "கொண்டை ஊசி வளைவுலயா? பின்னாடி பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சே என்னையக் கொன்னுருப்பான்."

நஷ்டம் சுருளியின் தலையில் எழுதப்பட்டது. சம்பளத்தில் பிடித்தம்.

பழைய காலத்து வியாபாரக் கப்பல்களைப் பற்றிப் படிப்பது என் வியாதி. கடலைப் பார்த்தது மொத்தமாக மூன்று தடவை, மூன்று தடவையும் வாந்தி. ஆனாலும் படிப்பேன். நானூறு, ஐந்நூறு வருடத்துக்கு முன்பும் இதே கதைதான். சரக்கு நனைந்து வந்து சேர்ந்தால், கப்பல்காரன் மாலுமிகளின் கூலியில் கை வைப்பான், இவர்கள் கவனக்குறைவு என்பான். மாலுமிகள் கோர்ட்டுக்குப் போய், சரக்கை அடுக்கியது சரியில்லை, கப்பலே ஒழுகல், நாங்கள் என்ன செய்வோம் என்பார்கள். ஒயின் பீப்பாய்க்குப் பதில் திராட்சை, பாய்மரத்துக்குப் பதில் தார்ப்பாய். மற்றபடி அப்படியே எங்கள் ஆபீஸ்.

இதை ராவுத்தரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"கம்பத்துல ஏதுய்யா கடலு?" என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

3. மேலே ஏறியவர்

இத்தனைக்கும் பிறகு அன்றும் திராட்சைக்கு மேலே மெத்தைகள்தான் இருந்தன. நனைந்தவற்றுக்குப் பதிலாகப் புது மெத்தைகளை வாடகை இல்லாமல் கொண்டுபோய் இறக்குவதாக ராவுத்தர் போடி பார்ட்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தனியாக ஒரு வண்டி அனுப்பினால் டீசல் செலவு. ஆகவே மறுபடியும் அதே அடுக்கு. அதைப் பார்த்ததும்தான் சுருளி சாவியை எடுத்துப் பையில் போட்டார்.

முதலில் ராவுத்தர் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு லாரி ஸ்டாண்டுக்குப் போனார். அங்கே சும்மா இருந்த டிரைவர்களுக்கு அன்றைக்கென்று வேலை வந்துவிட்டது. ஒருத்தருக்கு மாமியார் வீட்டில் விசேஷம், ஒருத்தருக்கு இடுப்புப் பிடிப்பு. சம்பளம் நிற்கிற டிரைவரின் வண்டியில் இன்னொரு டிரைவர் ஏற மாட்டார். ஸ்டாண்டில் எழுதாத சட்டம் அது. ராவுத்தருக்கும் தெரியும். அவரே ஒரு காலத்தில் அதே ஸ்டாண்டில் டிரைவராக இருந்து, ஒரு வண்டி வாங்கி, அதை நாலாக்கியவர்.

திரும்பி வந்தவர் முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தார்.

"யோவ் மேனேஜரு, நம்ம டிரான்ஸ்போர்ட் குரூப்புல போடு. சுருளிவேல் கவனக்குறைவான டிரைவர், வண்டி குடுக்காதீகன்னு போடு. இவன் எந்த வண்டியில ஏறுறான்னு பாத்துருவோம்."

அந்த வாட்ஸாப் குரூப்பில் தேனி மாவட்டத்து லாரி ஆபீஸ்கள் பெரும்பாலும் இருந்தன. அதில் இந்த ஒரு வரி விழுந்தால் சுருளிக்கு ஒத்தி வீடு மட்டுமல்ல, ஸ்டீரிங்கும் போச்சு. நான் ஃபோனை எடுத்துத் தட்டினேன். தட்டினதை அழித்தேன். மறுபடி தட்டினேன்.

"என்னய்யா?"

"டவர் இல்ல மொதலாளி."

நான் வீரன் இல்லை. என் வாழ்நாளில் ஒரு முதலாளியின் முகத்துக்கு நேரே நான் காட்டிய அதிகபட்ச எதிர்ப்பு, டவர் இல்லை என்று சொன்னதுதான். என் தலைக்கு மேலேயே டவர் இருந்தது. ஆபீஸ் மொட்டை மாடியை அதற்குத்தான் வாடகைக்கு விட்டிருந்தோம்.

அதற்குள் பேச்சியம்மா வந்துவிட்டார். வண்டியில் இருந்தது அவர் தோட்டத்துப் பழம். ஸ்கூட்டியை நிறுத்தி ஸ்டாண்டைப் போட்டதும் நேரே வண்டிக்குப் போய், கிரேட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"அண்ணே, சூடாயிருச்சு. நீங்க ரெண்டு பேரும் பொறவு அடிச்சுக்கங்க. எம் பழத்த என்ன செய்யப் போறீக?"

"இவன எடுக்கச் சொல்லு தாயி."

சுருளி எழுந்தார். நடுரோட்டில் நின்று பேசினார். குரல் உயரவில்லை. அதனால் எல்லாருக்கும் கேட்டது.

"மொதலாளி, நீங்களும் குமுளி மேட்டுல வண்டி ஓட்டுனவுகதான். மேல ஏறி நீங்களே தார்ப்பாயக் கட்டுங்க. பழமும் வேகக் கூடாது, மெத்தையும் நனையக் கூடாது. அப்பிடிக் கட்டிட்டீகன்னா எம் பாக்கிய நான் கேக்கல. சாவிய வச்சுட்டுப் போயிர்றேன்."

ஸ்டாண்டில் இடுப்புப் பிடிப்பாக இருந்தவர் உட்பட எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அறுபதைத் தாண்டிய ராவுத்தர் வேட்டியை மடித்துக் கட்டினார். பின் டயரில் ஒரு கால், கொக்கியில் ஒரு கால், ஏறிவிட்டார். அவர் மேலே நின்ற நிலையைப் பார்த்ததும் நான் வண்டியை ஒட்டி வந்து நின்றேன். விழுந்தால் குரூப்பில் வேறு மெசேஜ் போட வேண்டியிருக்கும். விழவில்லை. தார்ப்பாயை உதறி விரித்தார். வலது பக்கம் இழுத்து முடிச்சு, இடது பக்கம் முடிச்சு. கயிறு அவர் கையில் பேச்சுக் கேட்டது. பின்னால் போனார், கட்டினார். முன்னால் வந்தார், கேபினுக்கு மேல் மண்டியிட்டார், கட்டினார். கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பாத்துக்கய்யா. கட்டியாச்சு."

பேச்சியம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, முன்னாடி தெறந்து கெடக்கே."

ராவுத்தர் குனிந்து பார்த்தார். கேபின் தலைக்கு மேல் ஒரு முழம், அழகாக மடித்து, கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அவர்தான் கட்டினார். திராட்சை வாசனை மூக்கில் ஏறியதும் கை தன்பாட்டுக்கு அந்த வேலையைச் செய்துவிட்டது. பின்னாலும் போய்ப் பார்த்தார். அங்கேயும் ஒரு முழம்.

திரும்பி முன்னால் வந்து, அந்த மடிப்பை அவிழ்க்கக் கையை வைத்தார். அப்படியே நின்றார்.

"பேச்சி, இத மூடுனா பழம் வெந்துரும்ல?"

"வெந்துரும்ணே."

"தெறந்துவிட்டா மெத்த நனைஞ்சுரும்."

"மேல இருட்டிக்கிட்டுத்தாண்ணே வருது."

பேச்சியம்மா இதையெல்லாம் வெள்ளந்தியாகச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று எனக்கு இன்று வரை பிடிபடவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

ராவுத்தர் மடிப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு மேலேயிருந்தே கத்தினார்.

"யோவ் மேனேஜரு! மெத்தைகள எறக்கச் சொல்லு. அவனுக்குள்ளத அம்புட்டையும் குடுத்து விடு. புடிச்சது, புடிக்காதது எல்லாம்."

"அந்தக் குரூப்புல..." என்றார் சுருளி.

"சொல்றேன்யா. மொதல்ல நான் எறங்குறதுக்கு ஒரு கை குடு. ஏறுறப்ப தெரியல, எறங்க மாட்டேங்குது."

சுருளி டயர் மேல் ஏறிக் கை கொடுத்தார். முதலாளியைத் தோளில் தாங்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. தரையில் கால் பட்டதும் ராவுத்தர் என் ஃபோனைப் பிடுங்கி, குரூப்பில் அவரே வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "நான் காதர் பேசுறேன். அன்னைக்கு லோடுல மெத்த நனைஞ்சதுக்கு சுருளி காரணமில்ல. திராச்ச மேல மெத்தையப் போட்டது என் கிறுக்கு. நீங்களும் போடாதீக."

ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுத்தவர், திரையை ஒரு தடவை பார்த்தார்.

"டவர் நல்லாத்தானய்யா இருக்கு?"

"இப்பத்தான் வந்துச்சு மொதலாளி."

4. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மெத்தைகளை இறக்கி, மடித்த முழத்தை அப்படியே வைத்துத் தார்ப்பாயைச் சரிபார்த்து, சுருளி வண்டியை எடுத்தார். முதலில் எதிர்த்திசையில் புதுப்பட்டிக்கு விட்டு, முன்பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் மலைப் பக்கம் திரும்பியிருக்கிறார். வண்டி அங்கே நிற்பதை ஜிபிஎஸ்ஸில் பார்த்துவிட்டு ராவுத்தர் டிபன் பாக்ஸைத் திறந்தார். அன்றும் மேட்டில் மழை பெய்தது. பழம் மார்க்கெட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது.

லாரி ஆபீஸுக்கு வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சரக்கு கெட்டுப்போய் வந்தால், கட்டின ஆளைத் தேடாதீர்கள். எந்தச் சரக்கோடு எந்தச் சரக்கைப் போடச் சொன்னது யார் என்று முதலில் கேளுங்கள். கேட்கத் தைரியம் இல்லையென்றால் டவர் இல்லை என்று சொல்லுங்கள். யாராவது மேலே ஏறும் வரைக்கும் அது தாங்கும்.

அந்த மழை டிரிப்பில் நனைந்த மெத்தைகளை ராவுத்தர் அப்போதே திருப்பி வாங்கி மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தார். டவருக்கு அடியில் வரிசையாகக் கிடந்தன. அந்த வருடம் தீபாவளிக்கு ஆளுக்கு ஒன்று போனஸ். அந்தக் காலத்துக் கப்பல்களிலும் கூலிக்குப் பதில் இப்படிக் கெட்ட சரக்கைத் தலையில் கட்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். சுருளிக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தேன், புது வீட்டுக்கு ஆகுமே என்று.

"வேணாம்ணே," என்றார். "அதுல படுத்தா எனக்கு வளைவுல ஆரன் சத்தம் கேக்கும்."

ஆகவே என் வீட்டில் இரண்டு இருக்கின்றன. ஊதாக் கறையோடு. மழைக்காலத்தில் லேசாகத் திராட்சை வாசனை அடிக்கும். என் மனைவி அன்றைக்குத் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். நான் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் படுப்பேன், தலைமாட்டு ஜன்னலை ஒரு முழம் திறந்து வைத்துவிட்டு.